தையலுக்கு விட்ட அரை விநாடி

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் விஜயராணியிடம் தைக்கக் கொடுப்பவர்கள், கூடவே ஓர் அளவு ரவிக்கையைக் கொண்டு போவது வெறும் மரியாதைக்குத்தான். வாசல்படி ஏறும்போதே ஆளை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பாள். போன தீபாவளிக்கு நீங்கள் இருந்த சுற்றளவுக்கும் இந்தத் தீபாவளிக்கு இருக்கும் சுற்றளவுக்கும் உள்ள வித்தியாசம் அவள் கண்ணில் விழுந்துவிடும். டாக்டருக்கு முன்னால் அவளே கண்டுபிடித்த கர்ப்பங்கள் அந்தத் தெருவில் நான்கு. ஐந்து என்றும் சொல்வார்கள். ஐந்தாவது பெண்ணுக்கு அப்போது கல்யாணமாகியிருக்கவில்லை என்பதால் யாரும் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

ஊரையே அளந்து வைத்திருந்தவளுக்குத் தன் விஷயம் ஒன்று மட்டும் அளவில் அகப்படாமல் இருந்தது. கணவர் அடைக்கலம் போய்ப் பதினோரு மாதம் ஆகியும் அவளுக்கு அழுகை வரவில்லை.

அடைக்கலம் முக்கொம்பில் லஸ்கர். பொதுப்பணித் துறையில் மதகை ஏற்றி இறக்குகிற, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து மேலே சொல்கிற வேலை. அவரும் அளவெடுக்கிறவர்தான், ஆற்றுக்கு. பங்குனி மாதம் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பி, ஒரு காலில் செருப்பை மாட்டியவர் மறு காலுக்கு மாட்டவில்லை. புத்தூரில் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. ஐம்பத்து நான்கு வயது. குழந்தைகள் இல்லை.

காரியமெல்லாம் காட்டூரில், அவருடைய அம்மா பொன்னுத்தாயும் தம்பி கலையரசனும் இருக்கும் பூர்வீக வீட்டில் நடந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு ஒரு முறை உண்டு. எழவு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருத்தியும் நேராக இறந்தவரின் மனைவியிடம் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்; அவளும் திருப்பி அழ வேண்டும். பந்தியில் இலை மாறுகிற மாதிரி ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அடைக்கலத்தின் அக்காள் வீரம்மாள்தான் முதலில் வந்து கட்டிக்கொண்டாள். வீரம்மாளின் அழுகைக்கு மூன்று மாவட்டத்தில் பேர் உண்டு. லால்குடிப் பக்கம் ஒரு சாவில் அவள் எடுத்த குரலில் பிணமே ஒருமுறை புரண்டு படுத்ததாகச் சொல்வார்கள். பிறகு அது காற்றுக்கு வேட்டி விலகியதுதான் என்று சமாதானம் சொன்னார்கள். அப்படிப்பட்ட வீரம்மாள் காதோரம் வாய் வைத்துக் கதறியும் விஜயராணி, முதுகில் கொக்கி வைத்துத் தைத்த பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் கவனத்தில் பட்டது ஒன்றுதான்: வீரம்மாளின் ரவிக்கையில் வலது கைக்குழி பிடிக்கிறது, அரை இஞ்ச் இறக்கியிருக்கலாம்.

“கல்லு மாதிரி உக்காந்திருக்காளே!” என்று ஒருத்தி சொன்னாள்.

“கல்லுகூட வேர்க்கும்டி,” என்றாள் இன்னொருத்தி.

பதினாறாம் நாள் முடிந்து பதினெட்டாம் நாள் மெஷினில் உட்கார்ந்து, ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினோரு ரவிக்கை முடித்துக் கொடுத்தாள். ஒரு கொக்கிகூட மாறவில்லை. காப்பி குடித்தால் சூடு தெரிந்தது, காப்பி தெரியவில்லை. அந்தச் சித்திரை வெயிலில் அம்மா மண்டபம் ரோட்டில் தார் இளகி, ஒரு சைக்கிள் ஸ்டாண்டு போடாமலே பத்து நாள் நேராக நின்றது. ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அவளும் போய்ப் பார்த்தாள். சைக்கிள் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

முயற்சி செய்யாமல் இல்லை. அவருடைய காக்கிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். காலரில் இரண்டு தையல் விட்டிருந்தது, போட்டு வைத்தாள். வெங்காயம் நறுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்துக்கு வந்தது. அடைக்கலத்துக்குக் கணக்கு வைக்க முடியாது.

மாசி மாதம் கலையரசன் போன் செய்தான்.

“அண்ணி, வர்ற பங்குனியில அண்ணனுக்குத் தலைத் தெவசம். அக்கா, சித்தி, பெரியம்மா எல்லாரும் வர்றாங்க. பெரிய டிவி வாங்கியிருக்கேன், அதுல ஒரு வீடியோ போட்டுறலாம்னு இருக்கேன். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையிலயே பாட்டோட பண்ணித் தர்றாங்க.”

எல்லாரும் வருகிறார்கள் என்றதும் விஜயராணிக்குக் கழுத்தைச் சுற்றிப் பன்னிரண்டு கைகள் தெரிந்தன. இந்தத் தடவையும் காய்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தால் அவர்கள் சொல்லப்போவதும் காதில் கேட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால் என்ன செய்வது? இருபத்தாறு வருஷம் கூட இருந்த மனுஷன் மேல் தனக்கு ஒன்றுமே இல்லையோ என்னமோ. அதுதான் அவளுக்குப் பயம்.

“நானே பண்றேன் கலை,” என்றாள்.

“நீங்களா? உங்களுக்கு வீடியோ எல்லாம் வருமா அண்ணி?”

“வெட்டி ஒட்டுறதுதானே. வரும்.”

அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம் அவள் கடையில் ஒரு மருமகள், தன் மாமனாரின் நினைவு நாள் வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு குமுறிக் குமுறி அழுதாள். அந்த மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் அவருக்குக் காப்பியில் சர்க்கரை போடுவதையே ஒரு பெரிய தியாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ஒரு போட்டோ பெரிதாகிறது, அடியில் குழல் ஊதுகிறது, மத்தளம் ஒரு அடி விழும்போது அடுத்த போட்டோ வருகிறது. அவ்வளவுதான், அந்தக் கண்ணிலேயே அணை உடைந்துவிட்டது. அழ வைப்பது மனுஷன் இல்லை, அந்த அடிதான் என்று விஜயராணி முடிவு கட்டினாள். சரியான இடத்தில் வெட்டி, சரியான அடியில் சேர்த்தால் தனக்கும் வரும். தெவசத்துக்கு முன்னால் ஒரு தடவை வந்துவிட்டால் போதும், வழி திறந்துகொள்ளும்.

இருபத்தேழு நாள் இருந்தது.

தையல் வாடிக்கைக்காரி ஒருத்தி சொல்லி, போனில் கத்திரிக்கோல் படம் போட்ட ஒரு செயலியை இறக்கிக்கொண்டாள். கத்திரிக்கோல் இருந்ததால் அதன் மேல் ஒரு நம்பிக்கை வந்தது. முதல் நாள், அதிலேயே தயாராக இருந்த அச்சுகளில் பூவும் மஞ்சளுமாக இருந்த ஒன்றைப் பார்த்து அமுக்கினாள். பத்துப் போட்டோ கேட்டது, கொடுத்தாள். அரை நிமிஷம் சுற்றிவிட்டுக் காட்டியது. அடைக்கலம் தோளில் துண்டோடு முறைத்துக்கொண்டு நிற்கிறார், அவர் தலையில் கண்ணாடி வளையலாகக் கொட்டுகிறது, நாதஸ்வரம் குதிக்கிறது, கடைசியில், ‘எங்கள் வீட்டு இளவரசி தாயாகப் போகிறாள்’ என்று எழுத்து எழும்பி வருகிறது. வளைகாப்பு அச்சு. வேறு ஒருத்தியாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். விஜயராணி, ‘வளையல் அடிக்குச் சரியாகத்தான் விழுகிறது’ என்று மட்டும் பார்த்துவிட்டு அழித்தாள்.

அச்சு வேண்டாம், தானே வெட்டுவது என்று அடுத்த நாள் உட்கார்ந்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. வெட்டுவதற்குத் துணி வேண்டுமே? போட்டோக்கள் போக, அவர் வருகிற வீடியோ மொத்தமே ஆறு. நாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஒன்றில் சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார், ஒன்றில் கூட்டத்துக்குள் முதுகு தெரிந்தது. ஆனால் அவர் போனைத் திறந்து பார்த்தால் வீடியோ முந்நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் தண்ணீர். தினம் காலையில் மதகுச் சுவரில் எழுதியிருக்கிற அளவுக்கோட்டைப் படம் பிடித்து, வாயாலும் சொல்லி, மேலதிகாரிக்கு அனுப்புவது அவர் வேலை. ஒவ்வொன்றும் பத்து விநாடி. சுவர், கோடு, அதற்குக் கீழே பழுப்பாகவோ பச்சையாகவோ காவிரி. இவர் எதிலும் இல்லை. படம் பிடிக்கிறவர் படத்துக்குள் எப்படி இருப்பார்?

இந்த இடத்தில்தான் யாழினி வந்தாள். யாழினி புத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டிச் சேர்க்கிறவள். இருபத்தொன்பது வயது, அந்த வேலையில் அவளுக்கு இருக்கும் கைத்திறமை கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லையாம். பந்தியில் பாயசத்தைப் பார்த்து அவர் சிரித்ததை எடுத்து, பெண் தலை நிமிர்கிற இடத்தில், மேளம் தட்டுகிற அடியில் ஒட்டிக் கொடுத்துவிட்டாள். அந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்தே பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போய், இப்போது உறையூரில் இரண்டு குழந்தைகளோடு சௌக்கியமாக இருக்கிறார்கள். யாழினியே சொன்னது.

தங்கை கல்யாணத்துக்கு ஆறு ரவிக்கை கொடுக்க வந்தவளிடம் விஜயராணி போனை நீட்டினாள்.

“இதுக்குப் பாட்டு எப்படி வைக்கிறது, அடி எங்க விழுதுன்னு எப்படிப் பாக்குறது, கொஞ்சம் சொல்லிக்கொடும்மா.”

யாழினி பார்த்தாள். “அண்ணன் வர்ற வீடியோவே இல்லையேக்கா. சரி, பரவாயில்ல. போட்டோவுக்கு நடுவுல இந்தத் தண்ணியைப் போட்டு நிரப்பிக்கலாம். தண்ணியும் குழலும் நல்லாச் சேரும்.” செயலிக்குள்ளேயே இருந்த பாட்டுகளில் ‘ஸேட் ஃப்ளூட் ஃபோர்’ என்ற சோகக் குழல் ஒன்றை எடுத்தாள். “இந்த மஞ்சப் புள்ளி பாத்தீங்களா, அதுதான் அடி. ரெண்டு செகண்டுக்கு ஒண்ணு. ஒவ்வொரு துண்டையும் ரெண்டு செகண்டா வெட்டி, புள்ளியில கொண்டாந்து வச்சீங்கன்னா முடிஞ்சுது. துண்டோட சொந்தச் சத்தத்தை மூடிருங்க. இல்லாட்டி ஒரே இரைச்சலா இருக்கும்.”

“நாளைக்கு வா. வெட்டி வச்சிடுறேன்,” என்றாள் விஜயராணி.

மூன்று நாள் கழித்து யாழினி வந்தபோது, ஒன்றரை நிமிஷ வீடியோ தயாராக இருந்தது. குழல் ஊத ஆரம்பித்தது. முதல் அடிக்குப் போட்டோ சரியாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் பின்தங்கியது. மூன்றாவது இன்னும் பின்தங்கியது. பத்தாவது வரும்போது குழல் ஒரு தெருவிலும் படம் அடுத்த தெருவிலும் போய்க்கொண்டிருந்தன. பாட்டு முடிந்து, சத்தமே இல்லாமல் தண்ணீர் மட்டும் பாதி நிமிஷத்துக்கு ஓடியது.

யாழினி துண்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். “என்னக்கா இது, ரெண்டு செகண்டுன்னு சொன்னா எல்லாம் மூணு செகண்டு இருக்கு. ஒவ்வொரு துண்டுலயும் முன்னாடி அரை, பின்னாடி அரை தொங்குது.”

“தொங்கலைம்மா. தையலுக்கு விட்டிருக்கேன்.”

“என்னது?”

“ரெண்டு பக்கமும் அரை அரை விட்டாத்தானே? சேர்க்கறப்ப அது உள்ள போயிடும்ல?”

யாழினி முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் கட்டிங் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் பாபின் டப்பா கவிழ்ந்து, பாபின்கள் மூலைக்கொன்றாக உருண்டன. “அய்யோ அக்கா! இங்க தையலே கிடையாதுக்கா. ஒரு துணி இன்னொரு துணியை முட்டிக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான். எதுவும் உள்ள போகாது. விட்டது எல்லாம் வெளியதான் தெரியும்!”

“பிரிஞ்சு வந்துடாது?”

“வராது.”

விஜயராணிக்கு நம்பிக்கை வரவில்லை. முப்பது வருஷமாக, வெட்டுகிற கோட்டையும் தைக்கிற கோட்டையும் தனித்தனியாகப் போட்டுப் பழகிய கை. இரண்டும் ஒரே கோடு என்றால் அது எப்படி நிற்கும்? பாபின்களைப் பொறுக்கிக்கொண்டே, “என்னமோ போ,” என்றாள்.

யாழினி உட்கார்ந்து ஒரு பிரதி எடுத்து, அரை விநாடிகளை எல்லாம் நறுக்கி எறிந்து, கால் மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்தாள். அடிக்கு அடி போட்டோ, அடிக்கு அடி தண்ணீர். கடைசியில் அடைக்கலத்தின் முகம் மெல்லப் பெரிதாகி, குழல் ஒரு மூச்சு இழுத்து, முகம் கறுப்பில் கரைந்தது. முடித்துவிட்டு யாழினியே மூக்கை உறிஞ்சினாள்.

“எப்படிக்கா இருக்கு?”

“அளவாத் தச்சிருக்கே,” என்றாள் விஜயராணி.

அன்றிலிருந்து அவள் அதைத் தினமும் போட்டுப் பார்த்தாள். காலையில் பால் காய்ச்சிவிட்டு ஒரு தடவை, கடை திறக்கும் முன் ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை. எந்த இடத்தில் அழுகை வர வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது; ஐம்பத்தெட்டாவது விநாடியில், முகம் பெரிதாகும்போது. அந்த இடம் வரும்போது கைக்குட்டையோடு தயாராக உட்கார்ந்திருப்பாள். முகம் பெரிதாகும். மூக்கின் பக்கத்தில் இருக்கும் மருவும் பெரிதாகும். கரைந்துவிடும். கைக்குட்டையை மடித்து வைப்பாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம், பஸ் வருகிறது, நிற்காமல் போகிறது. அவ்வளவுதான்.

தெவசத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பாட்டில்தான் கோளாறோ என்று தோன்றியது. குழல் வேண்டாம், வேறு ஏதாவது வைத்துப் பார்க்கலாம். யாழினி திருத்தியதைத் தொட்டால் கெட்டுவிடும் என்று, தன் பழைய வெட்டையே திறந்தாள். அது அழியாமல் அப்படியே இருந்தது. வெட்டுத் துணியைத் தூக்கிப்போடும் பழக்கம் அவளுக்கு இல்லை. பாட்டை எடுத்தாள். எடுக்கும்போது எதையோ அமுக்கிவிட்டாள் போல, மூடி வைத்திருந்த துண்டுகளின் சொந்தச் சத்தம் திறந்துகொண்டது.

மத்தியானம் மூன்று மணி. இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. போனிலிருந்து தண்ணீர் இரைச்சலும், அதற்குள் அடைக்கலத்தின் குரலும் வந்தன.

“...நாலே கால்.” அரை விநாடி. “ம்.”

அடுத்த துண்டு. “...நாலரை. ம்.”

அடுத்தது. “...மூணே முக்கால். ம்.”

அளவைச் சொல்லி முடித்து, போனை நிறுத்தும் முன்னால் அந்த மனுஷன் தினமும் ஒரு ‘ம்’ சொல்லியிருக்கிறார். அதிகாரிக்குச் சொன்னதில்லை. கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. இன்றைக்கு ஆறு இவ்வளவு, பார்த்தாயிற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. யாழினி நறுக்கி எறிந்த கடைசி அரை விநாடி ஒவ்வொன்றிலும் அது இருந்தது. தையலுக்கு விட்ட துணியில்.

வீட்டிலும் அவர் பேச்சு அதுதான். காப்பி கொடுத்தால் ம். குழம்புக்கு உப்பு சரியா என்றால் ம். உங்கள் தம்பி வந்தார் என்றால் ம். “இருபத்தாறு வருஷமா ஒத்தை எழுத்தோட குடித்தனம் பண்றேன்,” என்று விஜயராணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறாள். அதற்கும் அவர் ம் என்றுதான் சொல்வார்.

அழுகை வரவில்லை. இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். முதலிலிருந்து போட்டாள். முடிந்ததும் மறுபடி போட்டாள். பிறகு ஒரு வேலை செய்தாள். துணியில் கோடு போடும் சாக்கை எடுத்து, மேஜை மேல், ஒவ்வொரு ‘ம்’முக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனாள். இடைவெளி கிட்டத்தட்ட ஒன்று போல இருந்தது. அளவு, ஒரு மூச்சு, ம். அளவு, ஒரு மூச்சு, ம். மெஷினில் பெடல் போகிற மாதிரி. மஞ்சள் புள்ளி இல்லாமலே அடி விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த எட்டு நாளும் அவள் முந்நூற்றுப் பன்னிரண்டையும் பார்த்தாள். ஒரு நாளைக்கு நாற்பது. சளி பிடித்த ம், அவசர ம், வெள்ளம் வந்த நாளின் நீண்ட ம். கையில் வந்த ரவிக்கைகள் தாமதமாயின. மேலூர் ரோட்டில் இரண்டு சீமந்தங்கள் பழைய ரவிக்கையோடு நடந்தன. போட்டோக்களை எடுத்துவிட்டாள். குழலை எடுத்துவிட்டாள். முப்பது துண்டு. முன்பக்கத்தை மட்டும் ஒட்ட நறுக்கி, பின்பக்க அரை விநாடியை விட்டாள். ஒவ்வொரு ‘ம்’மின் வாய் மூடும் இடத்தில் அடுத்த தண்ணீர். இதில் ஒன்று கால் விநாடி பிசகினாலும் அவளுக்குத் தெரிந்தது, திருத்தினாள்.

தெவசத்துக்கு முதல் நாள் யாழினி வந்து பார்த்தாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதப் பாத்து யாரும் அழ மாட்டாங்க.”

“நான்கூட அழல,” என்றாள் விஜயராணி. “இதையா, நீ பண்ணினதையான்னுதான் யோசிக்கிறேன்.”

“எதுக்கும் ரெண்டையும் கொண்டு போங்க.”

காட்டூர் வீட்டில் பத்து மணிக்கே கூட்டம் நிறைந்துவிட்டது. படத்துக்கு முன்னால் படையல் போட்டிருந்தது; புளிக்குழம்பு, உளுந்து வடை, ஒரு கட்டு பீடி. பொன்னுத்தாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை, ஆள் நிழலாகத்தான் தெரியும். விஜயராணி உள்ளே கால் வைத்ததும் வீரம்மாள் எழுந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“என் தம்பியப் பறிகொடுத்துட்டு ஒத்தையில நிக்கிறியேடீ!”

பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லார் கண்ணும் விஜயராணியின் கண்ணில். முகத்தை முந்தானையில் புதைத்துத் தோளைக் குலுக்கினால் போதும். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தோளைக்கூட ஒருமுறை தூக்கிவிட்டாள். பிறகு இறக்கினாள்.

“அண்ணி,” என்றாள், வீரம்மாளின் காதில் இல்லை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “எனக்கு அழுகை வரல. ஒரு வருஷமா வரல. இப்பவும் வரல.”

வீரம்மாளின் குரல் பாதியில் நின்றது. அந்தக் குரல் பாதியில் நின்றதை மூன்று மாவட்டமும் கண்டதில்லை. கையை எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, “வரலைன்னா என்னடி பண்றது,” என்று தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வா, வந்து உக்காரு.” வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருத்தராக உட்கார்ந்துவிட்டார்கள்.

கலையரசன் போனை வாங்கி டிவியில் இணைத்தான். “அண்ணி, ரெண்டு இருக்கே. எது?”

“ரெண்டாவது.”

டிவியில் சுவரும் தண்ணீரும் வந்தன. “...நாலே கால். ம்.” “...நாலரை. ம்.”

பின்னால் ஒருவர், “பாட்டு வரலியேப்பா, வயர் சரியா இருக்கா?” என்றார்.

“அண்ணனக் காணோமே அண்ணி. வெறும் தண்ணிதானே ஓடுது,” என்றான் கலையரசன்.

“புடிக்கிறது அவருதானே,” என்றாள் விஜயராணி.

முப்பது துண்டும் முடிந்தன. நினைவு நாள் வீடியோ என்றால் முடிந்ததும் ஒரு விசும்பல் எழும். இங்கே மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. இளக்காரமாக யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பொன்னுத்தாய் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். “இன்னொருக்கா போடுடா.”

கலையரசன் போட்டான்.

“...மூணே முக்கால். ம்.”

“நிறுத்து. விஜயா, இது எந்த நாளு?”

விஜயராணி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எட்டு நாளாகப் பார்த்ததில் அவளுக்குத் தேதியெல்லாம் பாடமாகியிருந்தது. “ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அத்தை. சளி புடிச்சிருந்துச்சு. கஷாயம் வச்சுக் குடுத்தேன், பாதியைக் கொட்டிட்டார்.”

“சின்னதுலேர்ந்தே கொட்டுவான். அடுத்ததைப் போடு.”

“...அஞ்சு. ம்.”

“இது ஐப்பசி. ராத்திரி பூரா மழை. குடையை மதகுலயே விட்டுட்டு வந்தார்.”

“இது?”

“இது உங்க புது ரவிக்கைக்கு நான் கை வெட்டுன அன்னிக்கு. துணி போதுமான்னு கேட்டார்.”

“போதலையே! இடது கை இன்னிவரைக்கும் புடிக்குதே,” என்றாள் பொன்னுத்தாய். யாரோ சிரித்தார்கள். வீரம்மாளும் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள்.

கலையரசனின் மனைவி இரண்டு தடவை வந்து இலை போடலாமா என்று கேட்டுவிட்டுப் போனாள். யாரும் எழுந்திருக்கவில்லை. பொன்னுத்தாய் ஒவ்வொரு துண்டுக்கும் நாள் கேட்டாள், விஜயராணி சொன்னாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் பேசியது எல்லாம் சேர்த்தால்கூட அந்த ஒரு மணி நேரத்தில் பேசியதற்கு ஈடாகாது. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கடையில் பில் சொல்கிற குரல்தான்.

கடைசித் துண்டு வந்தது. “...ரெண்டரை. ம்.”

“இது?”

“அதுக்கு முந்தின நாளு அத்தை.”

பொன்னுத்தாய் டிவியை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். “அன்னிக்கு ராத்திரி என்ன சாப்பிட்டான்?”

“தயிர் சாதம். தொட்டுக்க எலுமிச்சங்காய் ஊறுகாய் கேட்டார். தீந்துபோச்சு, நாளைக்குப் போடுறேன்னு சொன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னான்?”

“ம்னார்,” என்றாள் விஜயராணி.